பிள்ளைகளின் கல்லூரிக் கல்விக்கான சேமிப்பும் வருமானவரிச் சலுகைகளும்

கல்விச் சேமிப்புக்கான வருமானவரிச் சலுகை என்பது, பிள்ளைகளின் உயர்கல்விக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ சேமிக்கும் தொகை, செலுத்தும் கட்டணம், திருப்பிக் கட்டும் கடன் வட்டி ஆகியவற்றுக்கு இந்திய வருமானவரிச் சட்டம் அளிக்கும் கழிவுகளையும் விலக்குகளையும் குறிக்கும். இந்தியாவில் கல்லூரிப் படிப்புக்கென்றே தனியாக வகுக்கப்பட்ட ஒரே சேமிப்புத் திட்டம் என்று ஒன்று இல்லை. பல பிரிவுகளில் சிதறிக் கிடக்கும் சலுகைகளைக் குடும்பங்கள் தாமே இணைத்துப் பயன்படுத்த வேண்டியுள்ளது. தாத்தா, தாய்மாமன், அத்தை, சித்தப்பா போன்ற உறவினர் சேமிக்கும்போது எந்தச் சலுகை கிடைக்கும், எது கிடைக்காது என்பதில்தான் குழப்பம் மிகுதி. இக்கட்டுரை புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் குடும்பங்களின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

காரைக்காலும் வருமானவரியும்

காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களால் நிலப்பக்கம் சூழப்பட்ட காவிரிப்படுகைக் கடற்கரைப் பகுதி. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அதன்பின் 1963ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றின் வழியாக, 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டு ஊர்களைவிடக் காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவாக இருப்பதைக் கண்டு, வருமானவரியிலும் அப்படி ஏதேனும் சலுகை இருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. பெட்ரோல் மீதான மதிப்புக்கூட்டு வரி புதுச்சேரி அரசு விதிப்பது. வருமானவரி நடுவண் அரசு விதிப்பது. எனவே நிரவியில் வசிப்பவருக்கும் நாகூரில் வசிப்பவருக்கும் வருமானவரிச் சட்டம் ஒன்றே.

காரைக்காலில் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம், ஜிப்மர் கிளை, பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரி, அறிஞர் அண்ணா அரசுக் கலை அறிவியல் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி முதலியன உள்ளன. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த குடும்பத்துக்கு ஆகும் செலவு ஒன்று. தனியார் கல்லூரிக்கோ வெளியூர் விடுதிக்கோ அனுப்பும் குடும்பத்துக்கு ஆகும் செலவு வேறு. எந்த வழி அமையும் என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை தெரியாது. ஆகவே சேமிப்பு முன்கூட்டியே தொடங்கப்படுகிறது.

மூன்று கட்டங்களில் சலுகை

ஒரு சேமிப்பில் வரிச்சலுகை மூன்று இடங்களில் கிடைக்கலாம்.

1. பணம் செலுத்தும்போது: செலுத்திய தொகையை மொத்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.
2. பணம் வளரும்போது: ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கு வரி இல்லை.
3. பணம் எடுக்கும்போது: முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை.

பொது வருங்கால வைப்பு நிதி, செல்வமகள் சேமிப்புத் திட்டம் ஆகிய இரண்டும் மூன்று கட்டங்களிலும் சலுகை பெறுபவை. வங்கி நிரந்தர வைப்பின் வட்டி வரிக்கு உட்பட்டது. ஐந்தாண்டு வரிச்சேமிப்பு வைப்புக்கும் முதல் கட்டச் சலுகை மட்டுமே உண்டு.

80சி பிரிவு

முன்பிருந்த 88ஆம் பிரிவுக்கு மாற்றாக 2005ஆம் ஆண்டு நிதிச்சட்டத்தால் 80சி பிரிவு கொண்டுவரப்பட்டது. இதன் ஆண்டு உச்சவரம்பு 2014-15 நிதியாண்டில் 1,00,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன்பின் உயர்த்தப்படவில்லை. கல்வி தொடர்பாக இதில் அடங்குபவை:

• பொது வருங்கால வைப்பு நிதியில் தன் பெயரிலோ துணைவர் பெயரிலோ பிள்ளை பெயரிலோ செலுத்தும் தொகை
• பெண் குழந்தையின் செல்வமகள் கணக்கில் செலுத்தும் தொகை
• பிள்ளைகளின் பெயரிலுள்ள ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம்
• தேசியச் சேமிப்புப் பத்திரம், ஐந்தாண்டு வரிச்சேமிப்பு வைப்பு, மூன்றாண்டு முடக்கக் காலமுள்ள பங்குசார் பரஸ்பர நிதி
• இரண்டு பிள்ளைகள் வரை, இந்தியாவிலுள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்புக்குச் செலுத்தும் கற்பிப்புக் கட்டணம்

கற்பிப்புக் கட்டணத்தில் நன்கொடை, வளர்ச்சி நிதி ஆகியவை சேரா. விடுதிக் கட்டணம், பேருந்துக் கட்டணம் ஆகியவையும் கற்பிப்புக் கட்டணம் ஆகா. எனவே கல்லூரி தரும் ரசீதில் கற்பிப்புக் கட்டணம் தனி வரியாகக் குறிக்கப்பட்டிருப்பது முக்கியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் கட்டணத்துக்கு இக்கழிவு இல்லை.

மேற்கண்ட அனைத்துக்கும் சேர்த்தே 1,50,000 ரூபாய் வரம்பு. மாதச் சம்பளக்காரரின் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் வீட்டுக்கடன் அசலும் இதே வரம்புக்குள் வருவதால், பலருக்குக் கல்விச் சேமிப்பு தொடங்கும் முன்பே வரம்பின் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது.

செல்வமகள் சேமிப்புத் திட்டம்

2015 சனவரி 22 அன்று அரியானா மாநிலம் பானிப்பட்டில் தொடங்கப்பட்ட இத்திட்டம், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் செல்வமகள் என்ற பெயரால் அறியப்படுகிறது. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் கணக்குத் தொடங்கலாம்.

• பெண் குழந்தைக்கு 10 வயது நிறைவதற்குள் தொடங்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரு பெண்களுக்கு மட்டும். இரட்டையர் பிறப்பு போன்ற நேர்வுகளில் விதிவிலக்கு உண்டு.
• ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1,50,000 ரூபாய்.
• 15 ஆண்டுகள் பணம் செலுத்த வேண்டும். கணக்குத் தொடங்கி 21 ஆண்டுகளில் முதிர்வடையும்.
• 18 வயது ஆனபின், அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பின், உயர்கல்விக்காக முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் 50 விழுக்காடு வரை எடுக்கலாம். சேர்க்கை ஆவணம் அல்லது கட்டணச் சீட்டு காட்ட வேண்டும். கட்டணத் தேவைக்கு மேல் எடுக்க முடியாது.
• 2024 சனவரி முதல் வட்டி 8.2 விழுக்காடு. அரசு காலாண்டுதோறும் வட்டியை அறிவிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. குழந்தை பிறந்த ஆண்டிலேயே கணக்குத் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் தொடக்கத்தில் 12,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் செலுத்தினால், செலுத்திய மொத்தம் 1,80,000 ரூபாய். வட்டி 8.2 விழுக்காடாகவே நீடித்தால் 18ஆம் ஆண்டு முடிவில் இருப்பு ஏறத்தாழ 4.5 இலட்சம். அதில் பாதி, அதாவது சுமார் 2.25 இலட்சம், கல்லூரிச் சேர்க்கைக்கு எடுக்கலாம். எதுவும் எடுக்காமல் விட்டால் 21 ஆண்டு முடிவில் ஏறத்தாழ 5.7 இலட்சம் கிடைக்கும். இதில் எந்தப் பகுதிக்கும் வருமானவரி இல்லை.

கல்லூரிச் சேர்க்கையின்போது இருப்பில் பாதிதான் கைக்கு வரும் என்பதைப் பலர் கணக்குத் தொடங்கும்போது கவனிப்பதில்லை. முழுத்தொகையையும் நம்பியிருந்த குடும்பம், முதலாண்டுக் கட்டணம் கட்டும் வேளையில் வட்டிக்கு வாங்க நேர்கிறது.

பொது வருங்கால வைப்பு நிதி

1968இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு 15 ஆண்டுக் காலம். ஆண் பிள்ளைகளுக்காக இதனையே பொன்மகன் என்ற பெயரில் அஞ்சல் துறை பரப்பியது. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை செலுத்தலாம். பெற்றோர் தம் கணக்கிலும் தம் பாதுகாப்பிலுள்ள பிள்ளையின் கணக்கிலும் சேர்த்துச் செலுத்தும் தொகைக்கும் இதே வரம்புதான். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 விழுக்காடு.

ஐந்து ஆண்டுகள் முடிந்தபின், கணக்குதாரரின் உயர்கல்விக்கோ அவரைச் சார்ந்த பிள்ளைகளின் உயர்கல்விக்கோ கணக்கை முன்கூட்டியே முடித்துப் பணம் பெறலாம். வட்டியில் ஒரு விழுக்காடு குறைக்கப்படும்.

இவ்விரு திட்டங்களிலும் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கும் மாத இறுதிக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படும். எனவே 6ஆம் தேதி செலுத்தும் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது.

கல்விக்கடன் வட்டி: 80இ பிரிவு

சேமிப்பு போதாதபோது கடன். கல்விக்கடனின் வட்டி முழுவதையும் 80இ பிரிவின்கீழ் கழித்துக்கொள்ளலாம். இதற்கு உச்சவரம்பு இல்லை. அசலுக்குக் கழிவு இல்லை. மேனிலைப் பள்ளித் தேர்வுக்குப் பின் படிக்கும் எந்தப் படிப்பும் இதில் அடங்கும். வெளிநாட்டுப் படிப்பும் சேரும். கடன் வங்கி அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனம், அறநிறுவனத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். உறவினரிடமோ வட்டிக்கடைக்காரரிடமோ வாங்கிய கடனுக்கு இச்சலுகை பொருந்தாது.

வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகளுக்கே இக்கழிவு கிடைக்கும். படிப்புக் காலத்திலேயே தந்தை சிறிதளவு வட்டி கட்டத் தொடங்கினால் எட்டாண்டுக் கணக்கும் அப்போதே தொடங்கிவிடும். கடன் பெற்றவர் தமக்காகவோ, துணைவர், பிள்ளை, அல்லது தாம் சட்டப்பாதுகாவலராக உள்ள மாணவருக்காகவோ வாங்கியிருக்க வேண்டும். மாணவர் தம் பெயரில் கடன் வாங்கி, வேலைக்குச் சென்றபின் தாமே வட்டி கட்டினால், கழிவு அவருக்கே உரியது.

உறவினர் சேமிக்கும்போது

தமிழ்க் குடும்பங்களில் தாய்மாமன் சீர் காதுகுத்துடனும் திருமணத்துடனும் முடிவதில்லை. தங்கை பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்கும் மாமன்மார் பலர். ஆனால் வரிச்சட்டத்தில் 80சி, 80இ பிரிவுகள் சொல்லும் பிள்ளை என்பது வரி செலுத்துபவரின் சொந்தப் பிள்ளையே. எனவே:

• தங்கை மகனுக்கு மாமன் செலுத்தும் கல்லூரிக் கட்டணத்துக்கு மாமனுக்கு 80சி கழிவு இல்லை.
• பேத்தியின் செல்வமகள் கணக்கில் தாத்தா கொடுத்த பணத்துக்குத் தாத்தாவுக்குக் கழிவு இல்லை. அக்கணக்கைப் பெற்றோரோ சட்டப்பாதுகாவலரோ மட்டுமே நடத்த முடியும். தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024இல் நடுவண் அரசு அறிவுறுத்தியது.
• நீதிமன்றத்தால் சட்டப்பாதுகாவலராக நியமிக்கப்பட்ட உறவினருக்குச் செல்வமகள் கணக்கிலும் 80இ பிரிவிலும் பெற்றோருக்கு உள்ள சலுகை உண்டு.

உறவினருக்கு உள்ள நேரான வழி, தம் பெயரிலேயே சேமித்துப் பின்னர் பரிசாக அளிப்பதாகும். தங்கை மகளுக்கு மூன்று வயதாகும்போது ஒரு மாமன் தம் பெயரில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குத் தொடங்குகிறார் என்று கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் 36,000 ரூபாய் செலுத்துகிறார். 15 ஆண்டுகளில் செலுத்தியது 5,40,000 ரூபாய், 7.1 விழுக்காடு வட்டி நீடித்தால் கிடைப்பது சுமார் 9.75 இலட்சம். தம் பெயரிலான கணக்கு என்பதால் 80சி கழிவு அவருக்கே. முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. 18 வயதான தங்கை மகளுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தால் அவளுக்கும் வரி இல்லை.

காரணம் பரிசு பற்றிய விதி. 1958ஆம் ஆண்டு பரிசுவரி 1998 அக்டோபரில் நீக்கப்பட்டது. இன்று ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு, பெறுபவரின் வருமானமாகக் கருதப்படும். ஆனால் உறவினர் தரும் பரிசுக்கு வரம்பின்றி விலக்கு உண்டு. தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோர் இப்பட்டியலில் உள்ளனர். எனவே மாமன், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா தருவது விலக்குக்கு உரியது. வளைகுடா நாட்டிலிருந்தோ பிரான்சிலிருந்தோ அனுப்பினாலும் விதி இதுவே. பெற்றோரின் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளும் குடும்ப நண்பர்களும் இப்பட்டியலில் இல்லை.

பரிசை வங்கி வழியாகக் கொடுத்து, ஒரு பரிசுக் கடிதம் எழுதி வைப்பது நல்லது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடுக்கிறது.

இவ்வழியில் ஒரு குறையும் உண்டு. கணக்கு மாமன் பெயரில் இருக்கும்வரை பணம் அவருடையதே. இடையில் அவர் இறந்தால் அது அவருடைய வாரிசுகளின் உரிமைக்குள் வரும். தங்கை மகளை நியமனதாரராகக் குறிப்பிட்டால் மட்டும் அவள் உரிமையாளராகிவிடுவதில்லை. அவளுக்கே சேர வேண்டும் என்ற எண்ணமிருந்தால் உயில் எழுதி வைப்பதே முறை.

குழந்தை பெயரில் வைப்பு

வரியைத் தவிர்க்கலாம் என்று கருதிச் சிறுவர் பெயரில் நிரந்தர வைப்புப் போடுவது பரவலான வழக்கம். ஆனால் 64(1அ) பிரிவின்படி 18 வயது நிறையாத பிள்ளையின் வருமானம், பெற்றோருள் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்துடன் சேர்க்கப்படும். பணத்தைக் கொடுத்தவர் தாத்தாவாக இருந்தாலும் அப்படியே. பேரன் பெயரில் தாத்தா 2,00,000 ரூபாய் வைத்து ஆண்டு வட்டி 14,000 ரூபாய் வந்தால், அது அவனுடைய தந்தையின் அல்லது தாயின் வருமானத்தில் சேரும். பழைய வரிமுறையில் பிள்ளை ஒன்றுக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டு. பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ ஈட்டியது இவ்வாறு சேர்க்கப்படுவதில்லை.

18 வயதுக்குப் பின் வரும் வட்டி பிள்ளையின் சொந்த வருமானம். வேறு வருமானம் இல்லாத கல்லூரி மாணவருக்கு அதற்கு வரி வராது. ஆகவே வட்டிக்கு வரியுள்ள வைப்புகளைத் தாத்தா தம் பெயரிலேயே வைத்திருந்து, பேரனுக்கு 18 வயதானபின் மாற்றித் தருவது பல குடும்பங்களுக்கு ஏற்றது. மேலும் பழைய முறையில் 60 வயது கடந்தோரின் வைப்பு வட்டிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

பழைய முறையும் புதிய முறையும்

2020இல் அறிமுகமான புதிய வரிமுறை, 2023-24 நிதியாண்டு முதல் இயல்புநிலை முறையாக்கப்பட்டது. இதில் 80சி, 80இ கழிவுகள் இல்லை. ஆனால் செல்வமகள், பொது வருங்கால வைப்பு நிதி வட்டிக்கான விலக்கும், படிப்புச் செலவுக்காகப் பெறும் உதவித்தொகைக்கான விலக்கும், உறவினர் பரிசுக்கான விலக்கும் இரு முறைகளிலும் உண்டு.

ஆண்டுக்கு 9 இலட்சம் சம்பளம் பெறும் ஒருவர் 80சி வரம்பு முழுவதும் சேமித்தாலும், பழைய முறையில் அவருடைய கணக்கு இது: 50,000 நிலைக்கழிவும் 1,50,000 சேமிப்பும் போக மீதி 7,00,000, அதற்கான வரி, கூடுதல் தீர்வையுடன் 54,600 ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக மீதி 8,25,000. 12 இலட்சம் வரையுள்ள வருமானத்துக்கான தள்ளுபடியால் வரி இல்லை. எனவே 12,75,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்குப் பணம் செலுத்தும்போது கிடைக்கும் சலுகை இப்போது பொருளற்றதாகிவிட்டது.

கழிவு இல்லையே என்று சேமிப்பையே நிறுத்திவிடுவது இதனால் நேரும் தவறு. முதல் கட்டச் சலுகை போனாலும் மற்ற இரண்டு கட்டங்கள் நிலைத்திருக்கின்றன. முன்பு வரியாகக் கட்டிய பணம் இப்போது கையில் நிற்கிறது. அதன் ஒரு பகுதியைப் பிள்ளையின் கணக்கில் இடுவதே பொருத்தம்.

2025ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இயற்றப்பட்டது. அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. 80சி பிரிவின் பொருள் 123ஆம் பிரிவில் உள்ளது. இக்கட்டுரையில் வழக்கிலுள்ள பழைய எண்களே தரப்பட்டுள்ளன.

பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள்

1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையின்படி, 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள இப்பகுதி மக்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்தோரின் வழிவந்தோர் காரைக்காலில் இன்றும் வாழ்கின்றனர். ஒரே வீட்டில் அண்ணன் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாகவும் தம்பி பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களாகவும் இருப்பதுண்டு.

செல்வமகள் கணக்கும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே தொடங்கப்படும். ஆகவே அண்ணன் மகளுக்குக் கிடைக்கும் செல்வமகள் கணக்கு தம்பி மகளுக்குக் கிடைக்காது. ஆனால் வருமானவரிக் கழிவுகள் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் வரி செலுத்தும் பிரெஞ்சுக் குடிமகனும் பழைய முறையில் கற்பிப்புக் கட்டணத்துக்கும் கல்விக்கடன் வட்டிக்கும் கழிவு கோரலாம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1996 முதல் 529 எனப்படும் கல்விச் சேமிப்புத் திட்டம் உள்ளது. அதில் தாத்தா, மாமன் என எவரும் ஒரு மாணவருக்காகக் கணக்குத் தொடங்கலாம். கல்விக்காக எடுக்கும் தொகைக்கு நடுவண் வருமானவரி இல்லை. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவில் பதிவுபெற்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு முதல் 2,500 டாலர் வரையுள்ள சேமிப்புக்கு அரசு 20 விழுக்காடு, அதாவது 500 டாலர் வரை, தன் பங்காகச் சேர்க்கிறது. ஒரு மாணவருக்கு வாழ்நாள் வரம்பு 7,200 டாலர். இத்தகைய நேரடி அரசுப் பங்களிப்போ, உறவினர் சேமிப்புக்கான தனிக்கணக்கோ இந்தியாவில் இல்லை.

வரம்புகள்

வரிக்கழிவு வரி கட்டுபவருக்கே பயன்படும். காரைக்கால் கடற்கரை ஊர்களின் மீனவக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் வருமானம் வரி வரம்புக்குக் கீழே உள்ளது. வேளாண் வருமானத்துக்கு வரியே இல்லை. இக்குடும்பங்களுக்கு 80சி எந்தப் பயனும் தருவதில்லை. எனினும் செல்வமகள் கணக்கின் உயர்ந்த வட்டி அவர்களுக்கும் ஒன்றே. மாதம் சில நூறு ரூபாயாவது பத்து வயதுக்குள் தொடங்கியிருந்தால்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். பத்து வயது நிறைந்தபின் எவ்வளவு பணமிருந்தாலும் அக்கணக்கைத் தொடங்க முடியாது.

எனவே வரிச்சலுகையைக் கருதித் திட்டத்தைத் தேர்வதைவிட, பிள்ளையின் வயது, பணம் தேவைப்படும் ஆண்டு, கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும் ஆகிய மூன்றையும் முதலில் முடிவுசெய்து, அதன்பின் சலுகையைப் பார்ப்பதே சரியான வரிசை. வட்டி விழுக்காடும் வரிவிதிகளும் மாறக்கூடியவை ஆதலால், ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் நடப்பு விதிகளை அஞ்சலகத்திலோ வங்கியிலோ உறுதிசெய்துகொள்ள வேண்டும்.